ஓடைப்பட்டியிலிருந்து உறைபனிக்கு

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் வழக்கமாக முல்லைப் பெரியாற்றில் ஆரம்பித்துச் சுருளி அருவியில் ஸ்நானம் செய்து முடித்து விடுவார்கள். 1895-ஆம் ஆண்டில் பென்னி குயிக் துரை கட்டி முடித்த அணையையும், அதன் தயவால் விளைந்த நெல்வயல்களையும், தென்னந்தோப்புகளையும் வர்ணிப்பதற்கே அவர்களுக்குப் பக்கம் போதாமல் போய்விடுகிறது. ஆகையால், சின்னமனூருக்கு அருகே பிரதான ரஸ்தாவிலிருந்து சற்று ஒதுங்கி, மேகமலையின் அடிவாரத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் ஓடைப்பட்டியைப் பற்றி அதிகமாக யாரும் எழுதக் காணோம்.

ஓடைப்பட்டியின் செல்வம் திராட்சை. கல்தூண்களை நட்டுக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து, அவற்றின்மேல் கொடிகளைப் படர விட்டிருக்கிறார்கள். பந்தலுக்குள் குனிந்து நுழைந்தால், வெளியே கொளுத்தும் வெயில் சட்டென்று பச்சை வெளிச்சமாக மாறிவிடுகிறது. தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பழம் தொங்குகிறது. இந்தப் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது; ஓடைப்பட்டியிலோ விதையில்லாத் திராட்சைக்குத் தனிப் பெயர்.

பந்தலை விட்டு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால் வேறொரு பயிர் கண்ணில் படும். அதுதான் காற்றாலை. தென்மேற்குப் பருவக் காற்று மேற்கு மலைகளைத் தாண்டிக் கம்பம் கணவாயின் வழியாகச் சீறிக்கொண்டு வருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் கூரை ஓட்டையும் வேட்டியையும் பிடித்துக் கொள்வதே பெரும்பாடு. முன் காலத்தில் ஜனங்களை வைது கொள்ளச் செய்த அந்தக் காற்று, இப்பொழுது ராக்ஷசக் கைகள் மூன்றைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்குகிறது.

இப்படிப்பட்ட ஊரிலே, நமது நண்பரான திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் மின்சார மோட்டார் வண்டி ஒன்றை வாங்கினார். நமது நாட்டிலேயே பூட்டப்பட்ட வண்டி. அதன் வயிற்றில் இருக்கும் பாட்டரியில் நாற்பது யூனிட் மின்சாரம் பிடிக்கும். ஊரார் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள். சத்தம் இல்லாமல் நகர்கிறதே என்று ஆச்சரியப்பட்டார்கள். பிறகு, நல்ல சாமான் எதை வாங்கினாலும் நம்மவர்கள் கேட்கும் கேள்வியைக் கேட்டார்கள்: "எல்லாம் சரி, இது எங்கே போய் நின்றுவிடும்?"

"குளிரில் நின்றுவிடும்" என்றார் ஒருவர். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகரைக் கடுங்குளிர் தாக்கிய சமயம், மின்சார வண்டிகள் சார்ஜ் ஏற்றும் நிலையங்களில் வரிசை வரிசையாகச் செத்துக் கிடந்த படங்களை அவர் பார்த்திருந்தார். ஓடைப்பட்டியில் பங்குனி வெயிலைப் பற்றிக் கவலைப்படாமல் சிகாகோவின் பனியைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்று நேயர்கள் நினைக்கலாம். ஆனால் அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. ஏனெனில், நண்பரின் பெரியம்மா மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் மகனோடு இருக்கிறார். மார்கழிக் கடைசியில் மூணாற்றில் நடப்பது சாதாரணக் குளிர் அல்ல.

பனி என்னும் ஒரு சொல்

தமிழர் வருஷத்தை ஆறு பருவங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயர் வைத்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. வானத்திலிருந்து வெண்பஞ்சு போல் பனி விழுவதைக் கண்ணால் கண்டிராத தேசத்தில், வருஷத்தின் மூன்றில் ஒரு பாகத்தைப் பனியின் பெயரால் அழைத்திருக்கிறார்கள்! புல் நுனியில் முத்துப் போல் நிற்பதும் நமக்குப் பனி. மலையை மூடிக் கொள்வதும் பனி. இமயமலையின் சிகரத்தில் உறைந்து கிடப்பதும் பனிதான்.

நிஜமாக உறைகிற பனியைக் காண விரும்பும் தென்னாட்டார் உதகமண்டலத்துக்கோ மூணாற்றுக்கோ போக வேண்டும். மார்கழி, தை மாதங்களில், மேகமில்லாத இரவுகளில், பூமி தன் உஷ்ணத்தையெல்லாம் ஆகாயத்துக்குத் தானம் செய்துவிடுகிறது. கனமான குளிர் காற்று பள்ளங்களில் வந்து தேங்குகிறது. விடியற்காலையில் புல்வெளி சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்திருக்கும். மூணாற்றைச் சுற்றியுள்ள செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் முதலிய இடங்களில் சில வருஷங்களில் வெப்பமானி 0 டிகிரிக்குக் கீழே இறங்குவது உண்டு.

பெரியம்மாவுக்கு எழுபது வயது. ஒரு கண்ணில் பார்வை முன்னமே போய்விட்டது. மற்றக் கண்ணிலும் புரை வளர்ந்து, பக்கத்து வீட்டுக்காரியைக் குரலால் அடையாளம் கண்டு கொள்ளும் நிலைமை வந்துவிட்டது. தேனியிலுள்ள கண் ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. காலை பத்து மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். தவறினால், பொங்கல் கழிந்த பிறகுதான் வேறு நாள். இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட நண்பர், "வாத்தியாரே, நீங்களும் வாருங்கள், வழித்துணையாகவும் இருக்கும், கணக்குப் பார்க்கவும் ஆகும்" என்று அழைத்தார். மறுநாள் அதிகாலையில் அழைத்து வருவதற்காக முதல் நாளே மலையேறினோம்.

ஏற்றத்தின் கணக்கு

ஓடைப்பட்டியில் பாட்டரியை நூற்றுக்கு நூறாக நிரப்பிக் கொண்டு, மத்தியானச் சாப்பாடு முடித்துப் புறப்பட்டோம். சின்னமனூர், வீரபாண்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர். வீரபாண்டியில் கௌமாரியம்மனுக்கு வண்டியிலிருந்தபடியே ஒரு கும்பிடு. போடியில் ஏலக்காய் வாசனை. சமவெளியில் வண்டி சிக்கனமாக நடந்து கொண்டது. போடியில் எண்பத்தைந்து புள்ளி மிச்சம் இருந்தது.

போடியிலிருந்து போடிமெட்டு வரையில் சுமார் ஆறு மைல்தான் ஆகாய வழி. ரஸ்தாவோ பதினேழு கொண்டை ஊசி வளைவுகளோடு சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். இதே மலைத்தொடரில் ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகள் கம்பி வழியாக இறங்கின. 1908-க்குப் பிறகு குண்டளைப் பள்ளத்தாக்கில் சின்ன ரயில் ஓடிற்று. அது டாப் ஸ்டேஷன் வரையில் தேயிலையைக் கொண்டு வரும். அங்கிருந்து கம்பிப் பாதையில் தொங்கிக் கொண்டு பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குப் போகும். 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அந்த ரயிலை அடித்துக் கொண்டு போய்விட்டது. இறங்குகிற சாமான் தன் பாரத்தாலேயே இறங்கும் என்ற உண்மையை மலைக்காரர்கள் அன்றைக்கே அறிந்திருந்தார்கள். அந்த உண்மை மறுநாள் நமக்கும் உபயோகப்படவிருந்தது.

ஏறும்பொழுது நிலைமை வேறு. வண்டியும் அதில் உள்ளவர்களுமாகச் சேர்ந்து ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு கிலோ. இவ்வளவு பாரத்தை ஆயிரம் மீட்டர் உயரம் தூக்குவதற்கு மட்டும், பௌதிக சாஸ்திரப்படி, ஐந்து யூனிட் வேண்டும். யந்திரத்தின் தேய்மானத்தைச் சேர்த்தால் ஆறு. இத்தனைக்கும் மேலே, வழக்கமாக ரஸ்தாவில் உருளுவதற்கு மூன்று. ஆக ஒன்பது யூனிட். போடிமெட்டில் பார்த்தபொழுது கணக்கு ஏறத்தாழ ஒத்து வந்தது. மானி அறுபத்திரண்டு புள்ளி காட்டியது. பூப்பாறை, தேவிகுளம் தாண்டி மூணாறு போய், அதற்கப்பால் தோட்டத்து வீட்டை அடைந்தபொழுது மிச்சம் முப்பத்தைந்து.

நாற்பதில் முப்பத்தைந்து புள்ளி என்றால் பதினான்கு யூனிட். திரும்பிப் போடிமெட்டு வரை வருவதற்கே பதினொன்று, பன்னிரண்டு வேண்டும். எனவே இரவு சார்ஜ் ஏற்றியே தீர வேண்டும். வீட்டில் வெந்நீர் யந்திரத்துக்குப் போட்டிருந்த பெரிய பிளக்கில் வண்டியை மாட்டினோம். மணிக்கு இரண்டரை யூனிட் வீதம் ஏறும். விடிவதற்குள் இருபது யூனிட் சேர்ந்துவிடும் என்று நிம்மதியாகப் படுத்தோம்.

நள்ளிரவு கடந்து அரை மணிக்கு மின்சாரம் நின்றுவிட்டது. மலைப் பிரதேசத்தில் மரக்கிளை ஒன்று கம்பியின்மேல் சாய்ந்தால் போதும். ஐம்பத்துநாலு புள்ளியோடு நின்றது வண்டி. வெளியே வானம் துல்லியமாக இருந்தது. நட்சத்திரங்கள் கைக்கு எட்டும் போலத் தெரிந்தன. உறைபனிக்கு அதைவிட நல்ல அறிகுறி வேறில்லை.

பாட்டரிக்கு ஏன் குளிர்கிறது?

தூக்கம் வரவில்லை. கம்பளிக்குள் இருந்தபடி பாட்டரியின் சமாசாரத்தைப் பற்றி யோசித்துக் கொண்டிருந்தோம். அதை இங்கே நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.

லித்தியம் பாட்டரி என்பது இரண்டு கரைகளும் நடுவே ஓர் ஓடையும் போன்றது. ஓடையில் இருப்பது ஒருவகைத் திரவம். சார்ஜ் ஏற்றும்பொழுது லித்தியம் அணுக்கள் மின்னூட்டத்தோடு ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நீந்திப் போய், அங்குள்ள கரி அடுக்குகளுக்குள் குடியேறுகின்றன. வண்டி ஓடும்பொழுது மறுபடியும் இக்கரைக்குத் திரும்புகின்றன. குளிரில் அந்தத் திரவம் கெட்டியாகிறது. குளிர்காலத்துத் தேங்காயெண்ணெய் போல. நீந்துகிறவனுக்கு வேகம் குறைகிறது. ஆகவே பாட்டரி சட்டென்று சக்தி கொடுக்க மாட்டாமல் திணறுகிறது. அந்த மின்சாரம் எங்கும் ஓடிப்போய்விடவில்லை. பெட்டியின் சாவி சற்றே துருப்பிடித்துக் கொண்டது, அவ்வளவுதான். உஷ்ணம் வந்ததும் பெரும்பாகம் திரும்பக் கிடைக்கும்.

சார்ஜ் ஏற்றுவதில்தான் மெய்யான அபாயம் இருக்கிறது. 0 டிகிரிக்குக் கீழே வலுக்கட்டாயமாக மின்சாரத்தைப் புகுத்தினால், லித்தியம் அணுக்கள் கரி அடுக்குக்குள் நுழைய முடியாமல் வாசற்படியிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்தது லேசில் திரும்பாது. பாட்டரியின் ஆயுள் குறையும். இதைத் தடுக்க ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மின்னணுக் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். அறைகளின் உஷ்ணத்தை அளந்து, குளிர் அதிகமானால் "மெதுவாக ஏற்று" என்றும், "இப்பொழுது ஏற்றாதே" என்றும் அவர் உத்தரவு போடுகிறார். சிகாகோவில் நடந்ததும் பெரும்பாலும் இதுதான். கட்டை போல் குளிர்ந்த பாட்டரிகளோடு வண்டிகள் வந்தன. சார்ஜ் மெதுவாக ஏறிற்று. பின்னால் வரிசை நீண்டது. வரிசையில் காத்திருந்தவர்கள் உள்ளே சூடு போட்டுக் கொண்டு இருந்த மிச்சத்தையும் செலவழித்தார்கள்.

மற்றொரு விஷயம், வண்டிக்குள் சூடு. பெட்ரோல் எஞ்சின் தான் குடிக்கும் எண்ணெயின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கை உஷ்ணமாக வீணடிக்கிறது. ஊதாரியின் வீட்டில் விருந்தாளிக்குக் குறைவில்லை என்பது போல், அந்த வீண் உஷ்ணத்திலேயே பிரயாணிகள் சுகமாகக் குளிர் காய்கிறார்கள். மின்சார மோட்டாரோ பத்தில் ஒன்பது பங்கை வேலையாகவே மாற்றிவிடுகிற சிக்கனக்காரி. அவள் வீட்டில் மிச்சம் மீதி கிடையாது. சூடு வேண்டுமானால் பாட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். கடுங்குளிரில் அதற்கு மணிக்கு இரண்டு, மூன்று யூனிட் போய்விடும். புதிய வண்டிகள் சிலவற்றில் 'ஹீட் பம்ப்' என்ற யந்திரம் உண்டு. அது குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிப் போட்டது போல வெளிக்காற்றிலுள்ள சொற்ப உஷ்ணத்தை இழுத்து உள்ளே கொண்டு வந்து சேர்க்கிறது. செலவு பாதிக்கும் கீழே குறையும்.

வெண்பனி நாட்டில்

இவ்வளவு தொல்லை இருந்தால், நிஜமாகவே பனி கொட்டும் நாடுகளில் மின்சார வண்டிகளை ஒழித்துவிட்டிருக்க வேண்டும் அல்லவா? நார்வே தேசத்தைப் பாருங்கள். அங்கே 2024-ஆம் ஆண்டில் விற்பனையான புதிய மோட்டார் வண்டிகளில் நூற்றுக்கு 88.9 முழு மின்சார வண்டிகள்! அந்நாட்டு மோட்டார் சங்கத்தார் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பல வண்டிகளைப் பனிமலையில் ஓட்டி, எந்த வண்டி எவ்வளவு தூரம் போய் நின்றது என்று பகிரங்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். நூற்றுக்குப் பத்து முதல் முப்பது வரையில் தூரம் குறைவதும், கடுங்குளிரில் அதற்கு மேலும் குறைவதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. வீட்டிலேயே இரவில் சார்ஜ் போடுகிறார்கள்; புறப்படுமுன் பிளக்கிலிருந்தே வண்டியைச் சூடாக்குகிறார்கள். அருவிகளிலிருந்து கிடைக்கும் மின்சாரம் அவர்களிடம் தாராளமாக இருக்கிறது.

அந்த நார்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் என்ற பிராந்தியம் இருக்கிறது. 1980-களில் ஈழத்தமிழர் பலர் அங்கே மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்து குடும்பங்களைக் காப்பாற்றினார்கள். மாதக் கணக்கில் சூரியனைக் காணாத ஊரில் தமிழ்க் குழந்தைகள் 'அ, ஆ' கற்றார்கள். ஆகவே வெண்பனியில் வண்டி ஓட்டும் வித்தை தமிழருக்குப் புதிதல்ல.

இன்னொரு சங்கதியைக் கேட்டால் நேயர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நார்வேக்காரர்கள் இன்றைய பெரிய வண்டிகளுக்கு முன்னால் ஓட்டிப் பழகிய சின்ன மின்சார வண்டிகளில் ஒன்று நமது பெங்களூரில் பிறந்தது. 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரேவா' என்ற அந்தக் குட்டி வண்டி லண்டன் தெருக்களிலும் நார்வேயின் பனியிலும் ஓடியது. ஈயப் பாட்டரியை வைத்துக் கொண்டு அது குளிரில் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிறகு 2009-ல் லித்தியம் பாட்டரி பொருத்தினார்கள். நமது நாட்டார் அந்த வண்டியைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்தபொழுது, பனி நாட்டார் அதை வாங்கி ஓட்டிக் கொண்டிருந்தார்கள்.

இமயத்தில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. ஹிமாசலப் பிரதேசத்தின் அரசாங்கப் போக்குவரத்துக் கழகம் 2017-ஆம் ஆண்டில் மணாலியிலிருந்து ரோதங் கணவாய்க்கு மின்சார பஸ்களை விட்டது. பதின்மூவாயிரம் அடி உயரம். பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் பிராணவாயு போதாமல் மூச்சுத் திணறும் இடம். மோட்டாருக்குப் பிராணவாயு வேண்டியதில்லை. ஆகவே அது ஓடைப்பட்டியில் ஏறுவது போலவே ரோதங்கிலும் ஏறும். டீசலும் குளிருக்கு அஞ்சாத வீரன் அல்ல. லடாக்கின் குளிரில் சாதாரண டீசல் மெழுகு போல் கட்டிவிடுகிறது; அதற்காகவே 2019-ல் மைனஸ் 33 டிகிரி வரையில் உறையாத தனி டீசலை அங்கே விற்கத் தொடங்கினார்கள். குளிர் எல்லோரிடமும் வரி வாங்குகிறது. கணக்கு மட்டும் வேறு வேறு.

உறைபனி விடியல்

நாம் மறுபடி மூணாற்றுக்கு வருவோம். காலை ஐந்து மணிக்கு மின்சாரம் திரும்பியது. நண்பர் துள்ளி எழுந்தார். "சார்ஜ் எவ்வளவு ஏறும் என்று இனிக் கவலை இல்லை, இந்த ஒரு மணி நேர மின்சாரத்தை வண்டியைச் சூடாக்கத்தான் செலவிட வேண்டும்" என்றார். இதுதான் நார்வேக்காரர்களின் முதல் பாடம். பிளக்கில் இருக்கும்பொழுது உள்ளே சூட்டைப் போட்டுவிட்டால், அந்தச் செலவு வீட்டு மின்சாரத்தோடு போகும். பாட்டரியின் கையிருப்பு வழிப் பிரயாணத்துக்கு நிற்கும்.

வெளியே வந்து பார்த்தோம். என்ன காட்சி! தேயிலைச் செடிகளின் தலையெல்லாம் நரைத்திருந்தது. புல்வெளியில் கால் வைத்தால் நொறுங்கும் சத்தம் கேட்டது. வண்டியின் முன் கண்ணாடியில் பனி படர்ந்து வெள்ளைக் கோலம் போட்டிருந்தது. தோட்டத்து ஜனங்களுக்கு அது அழகல்ல. சூரியன் ஏறியதும் கொழுந்து கருகிவிடுமே என்ற கவலை. வாசலில் இலைச் சருகைக் கொளுத்திக் குளிர் காய்ந்து கொண்டிருந்த கிழவர் ஒருவர், "இந்த வண்டி கிளம்பாது தம்பி, ஜீப்பைக் கூப்பிடுங்கள்" என்று யோசனை சொன்னார். பெரியம்மாவின் மகனுக்கும் அதே எண்ணந்தான். பெரியம்மா மட்டும், "எனக்குக் கண்ணுதான் தெரியலை, காது நல்லா கேக்குது. ஜீப்புக்காரன் போற சத்தத்திலே பாதி உசிரு போயிரும். இவன் வண்டியிலேயே வாரேன்" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

ஆறு மணிக்குள் கண்ணாடியின் பனி தானாகவே கரைந்து வழிந்தது. அதன்மேல் வெந்நீரை ஊற்றப் போன சிறுவனை நண்பர் தடுத்தார். உறைந்த கண்ணாடி வெந்நீர் பட்டால் விரிந்து போகும். மானி ஐம்பத்துமூன்று புள்ளி காட்டியது. அதோடு ஒரு சிறு எச்சரிக்கைக் குறியும் தெரிந்தது.

அந்தக் குறியின் பொருளை நேயர்கள் அறிவது அவசியம். மின்சார வண்டியில் காலை எடுத்தாலும் பிரேக்கை லேசாகத் தொட்டாலும், மோட்டார் டைனமோவாக மாறி, ஓட்டத்தின் சக்தியை மின்சாரமாக்கிப் பாட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. அப்படி அனுப்புவதும் ஒருவிதச் சார்ஜ் ஏற்றுதல்தானே? குளிர்ந்த பாட்டரி அதை ஏற்க மறுக்கும். ஆகவே விடியற்காலையில் வழக்கமான இழுவை வண்டிக்கு இருக்காது. சரிவில் சற்று அதிகமாகவே வழுக்கிக் கொண்டு போவது போலத் தோன்றும். பழக்கமில்லாதவன் பயந்து பிரேக்கை அழுத்தமாக மிதிப்பான். ஈரப் பனி படிந்த ரஸ்தாவில் அது ஆபத்து. நண்பர் நிதானமாக, முன்கூட்டியே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு, சைக்கிள் வேகத்தில் தோட்டத்துச் சாலையைக் கடந்தார். மோட்டாரின் சக்தி ஒரே மூச்சில் சக்கரத்துக்குப் போவதால், வேகம் எடுப்பதையும் மெதுவாகவே எடுக்க வேண்டும். பாட்டரியின் பாரம் வண்டியின் அடியில் இருப்பதால் வளைவில் சாயாமல் நிற்கிறது. ஆனால் வழுக்குகிற ரஸ்தாவில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது டயர்தான். பனி நாட்டார் குளிர்காலத்துக்கென்று மிருதுவான தனி டயர் போடுகிறார்கள். நமது வண்டியில் இருந்தது சாதாரண டயர். ஆகவே நிதானம் ஒன்றே நமது பாதுகாப்பு.

சூட்டையும் சிக்கனம் செய்தோம். பெரியம்மாவுக்கு ஒரு கம்பளியைப் போர்த்தி, கால் பக்கம் மட்டும் உஷ்ணக் காற்றை விட்டோம். தேவிகுளம் தாண்டும்பொழுது கீழே பள்ளத்தாக்குகளில் மேகம் தயிர் போல் தேங்கியிருந்தது. சூரியன் மேலே வந்தான். ஒரு மணி நேர ஓட்டத்தில் பாட்டரியும் தன் உள்சூட்டால் சுறுசுறுப்படைந்தது; எச்சரிக்கைக் குறி மறைந்தது. போடிமெட்டில் வந்து நின்றபொழுது இருபத்துநாலு புள்ளி. தேனிக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பெரியம்மாவின் மகன் மானியைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அங்கிருந்துதான் மலை நமக்குக் கடனைத் திருப்பித் தரத் தொடங்கியது. முதல் நாள் தூக்கிக் கொடுத்த ஐந்து யூனிட்டை, இறக்கத்தில் வண்டி தன் பாரத்தாலேயே உண்டு பண்ணிற்று. உருளும் செலவும் தேய்மானமும் போக மிச்சம் பாட்டரிக்குள் போயிற்று. பழைய தேயிலைப் பெட்டிகள் கம்பியில் இறங்கிய அதே தத்துவம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நண்பர் எண்ணைப் படித்துக் கொண்டு வந்தார்: இருபத்தைந்து... இருபத்தாறு... போடியில் இருபத்தொன்பது! "இறங்க இறங்க எண்ணெய் ஊறுகிற வண்டியை இப்பத்தான் கேள்விப்படுறேன்" என்றார் பெரியம்மா. அவருடைய மகன் முதல் தடவையாகச் சிரித்தார்.

தேனியில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபொழுது மணி ஒன்பதேகால். கையிருப்பு இருபத்துநாலு புள்ளி. அன்றே சிகிச்சை நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் பெரியம்மா முதலில் பார்த்தது மகனின் முகத்தை. "என்னடா, இப்படி நரைச்சுப் போச்சு?" என்று கேட்டாராம்.

மலைக்குப் போகிறவர்களுக்கு

மின்சார வண்டியில் குளிர்ப் பிரதேசம் போகும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். ஏற்றத்துக்கும் குளிருக்குமாகச் சேர்த்து, வழக்கமான தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். மாலையில் போய்ச் சேர்ந்ததும் பாட்டரி ஓட்டத்தின் சூட்டோடு இருக்கும்பொழுதே சார்ஜில் மாட்டுங்கள். இரவெல்லாம் குளிர விட்டுக் காலையில் மாட்டினால் மெதுவாக ஏறும். காலையில் பிளக்கைப் பிடுங்குமுன் வண்டியைச் சூடாக்குங்கள். மலை உச்சியில் முழுவதும் நிரப்பிக் கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த குடத்தில் நீர் ஏறாது. ரஸ்தாவில் தடை ஏற்பட்டு நிற்க நேர்ந்தால் கலங்க வேண்டாம். நிற்கும் வண்டியில் மோட்டாருக்குச் செலவு கிடையாது. பாதி நிரம்பிய பாட்டரி ஓர் இரவு முழுவதும் உள்ளே மிதமான சூடு கொடுக்கும். கடைசியாக ஒன்று: நமது ஊர்களில் பாட்டரியின் ஆயுளைக் குடிப்பது மார்கழிப் பனியைவிடச் சித்திரை வெயில்தான். ஓடைப்பட்டி நண்பர் வண்டியைத் திராட்சைப் பந்தலின் ஓரமாக, வேப்ப மர நிழலில் நிறுத்துகிறார்.

யாருடைய சரக்கு?

இந்தப் பிரயாணத்தில் நமக்கு ஒரு பெருமையும் ஒரு குறையும் தோன்றின. பெருமை இது. 2019-ஆம் ஆண்டில் லித்தியம் பாட்டரிக்காக ரசாயன நோபல் பரிசு குடெனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்குக் கிடைத்தது. முதியவரான குடெனஃபின் சார்பாக ஸ்டாக்ஹோமில் நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவர் அருமுகம் மந்திரம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்து, அங்கேயே சில காலம் ஆசிரியராகவும் இருந்தவர். இன்று மலிவான வண்டிகளில் எல்லாம் இருக்கும் இரும்பு-பாஸ்பேட் பாட்டரியை 1997-ல் குடெனஃபோடு சேர்ந்து உலகுக்கு அறிவித்தவர்கள் பாடியும் நஞ்சுண்டசுவாமியும், இருவரும் இந்தியர். அதற்கெல்லாம் வெகு காலம் முன்பு, 1937-லேயே, கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு நம் நாட்டில் மின்சார மோட்டாரைச் செய்து காட்டிவிட்டார்.

குறை இது. வண்டியை நாம் பூட்டுகிறோம், மோட்டாரைச் செய்கிறோம், ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் ஆயிரக்கணக்கில் பிறக்கின்றன. ஆனால் பாட்டரிக்குள் இருக்கும் ரசாயன அறைகளில் பெரும்பாலானவை இன்னும் கப்பலில்தான் வருகின்றன. அன்று பருத்தியை நாம் விளைவித்துத் துணியை வெளியிலிருந்து வாங்கினோம். இன்று மூளையை நாம் கொடுத்துப் பாட்டரியை வெளியிலிருந்து வாங்குகிறோம். எண்ணெய்க்காகப் பிறரிடம் கையேந்தியது போதாதென்று, பாட்டரிக்காகவும் கையேந்துவதா?

பனியில் ஓடுமா என்று ஓடைப்பட்டியார் கேட்ட கேள்விக்கு மூணாற்று மலை பதில் சொல்லிவிட்டது. நாம் நாட்டாரைக் கேட்க விரும்புவது வேறு கேள்வி. காற்று நம்முடையது, அது ஆடிதோறும் கம்பம் கணவாயில் வரி கேட்காமல் வீசுகிறது. மலை நம்முடையது, ஏறுவதற்குக் கொடுத்ததில் ஒரு பங்கை இறங்கும்பொழுது திருப்பித் தருகிறது. அறிவும் நம்முடையதுதான் என்று ஸ்டாக்ஹோமிலேயே சாட்சி சொல்லியாயிற்று. இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்துத் தரும் தொழிற்சாலைகள் நமது மண்ணில் பெருகுவது எப்பொழுது?